இலக்கமிட்ட தகர விளக்குகள்

ஆஹென்,
03.09.1995, ஞாயிறு, பிற்பகல் 4 மணி.

அன்புத் தங்கை கொறற்றிக்கு அண்ணன் மரியரட்ணம் எழுதுவது.

வலது முழங்கால் நீங்கலாக நான் சுகம். மகன் ஜோன்சனும் மருமகள் பிளோறன்சும் ஆண்டவர் கிருபையால் சுகமே. ஓகஸ்ட் 12-ந் திகதி உன் இரத்த அழுத்தம் 150 என்றாய். அதற்குப் பின் அளந்தாயா என்று எழுதவும். தொலைபேசியில் சொல்லவேண்டாம். என் காதுக்கு அது எட்டுவதில்லை. எட்டினாலும் பின்னர் எடுத்துப் பார்க்கக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி ஏற்றி இறக்கும் விஜயரத்தினத்தின் வான் வண்டியில் இன்று ஒரு பெட்டி அனுப்புகிறேன். அதில் இருபத்துநான்கு தகர விளக்குகள் உள்ளன. தக்காளிப் பேணி, மீன் பேணி, அவரைப் பேணி என்று, உள்ளிருந்ததைச் சமைத்தபின் மஞ்சள் பையில் குப்பையாகப் போகவிருந்தவை. ஒவ்வொன்றையும் கழுவி, நீர் நிரப்பி, பிரீசரில் ஒரு நாள் வைப்பேன். உள்ளே பனிக்கட்டி இருந்தால்தான் ஆணி அடிக்கும்போது தகரம் நெளியாது. துளைகளை அளவுகோலால் குறித்து அடித்து, கம்பியில் பிடி போட்டிருக்கிறேன். மெழுகுதிரி ஏற்றினால் சுவரெங்கும் ஒளிப்புள்ளி விழும். அடியில் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் பொறித்துள்ளேன்.

இந்த முயற்சிக்கு ஒரு காரணம் உண்டு. ஓகஸ்ட் 27-ந் திகதி பிளோறன்ஸ் மீன் வைக்கப் பிரீசரைத் திறந்தாள். ஒன்பது பேணிகள் இருந்தன. "மாமா, மீனை நான் எங்க வைக்கிறது? உந்தத் தகரத்தை ஆர் வாங்கப்போகினம்?" என்றாள். ஜோன்சன் சிரித்துக்கொண்டு, "குப்பையில போடமுதல் அப்பா அதுக்கு அலங்காரம் செய்யிறார்" என்றான். சாப்பாட்டு மேசையிலேயே நான் சொல்லிவிட்டேன்: டிசெம்பரில் நத்தாருக்கு முன் என் விளக்குகளில் நாற்பது, முழு விலைக்கு, அந்நியர் வீடுகளுக்குப் போயிருக்கும். போகாவிட்டால் பிரீசரும் நான் ஆணி அடிக்கும் நிலவறை மேசையும் அவளுக்கே. நான் இனி ஆணி தொடமாட்டேன்.

இவற்றை உன் பங்குக் கோயில் சந்தைகளில் வைத்து நீ விற்றுத் தரவேண்டும். விலை இருபத்தொரு மார்க். ஒரு விளக்குக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் செல்கிறது. கூலி மட்டும் சரியாக இருபது வந்தது. பூச்சியத்தில் முடிப்பது எங்களிடம் வழக்கமில்லை என்பதால் ஒன்று கூட்டினேன். பணம் எனக்கு வேண்டாம். மேசை இலவசமாகத் தரும் உன் பங்கின் உண்டியலில் போட்டுவிடு. எங்கள் ஆட்களுக்கு விற்காதே. அவர்கள் முகத்துக்காக வாங்குவார்கள்.

நானே வந்து நிற்கலாமே என்று கேட்பாய். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கச்சேரியில் பிரதம இலிகிதராகக் கோப்பு எழுதியவன் சந்தையில் நின்று கூவமாட்டான்.

எத்தனை விற்றது, எந்த இலக்கங்கள் விற்றன, வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு சந்தைக்குப் பின்னும் பதில் வேண்டும்.

உன் சுகத்தை நாடும்,
மரியரட்ணம்.


பிராங்பேர்ட்,
20.09.95

அன்புள்ள அண்ணைக்கு,

அழுத்தம் 145. எழுத்தில் தந்துவிட்டேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா, அல்லது அதற்கும் இலக்கம் போட்டு வைத்திருக்கிறீர்களா?

17-ந் திகதி பங்கு மண்டபத்தில் இலையுதிர்காலச் சந்தை. பதினொரு மணியிலிருந்து ஐந்து மணிவரை நின்றேன். இரண்டு விளக்கு விற்றது. இலக்கம் 3, 14. எனக்கு ஒரு பக்கம் பழப்பாகு விற்கிறவர்கள், மறுபக்கம் கம்பளிக் காலுறை பின்னுகிறவர்கள். இரண்டு பக்கமும் சனம். என் மேசைக்கு வருகிறவர்கள் விளக்கைத் தூக்கி, முதலில் அடியைத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் கதைத்ததை எங்கள் பாஷையில் எழுதுகிறேன்.

"இது பேணியெல்லோ?"

"ஓம், பேணிதான்."

"பழைய பேணியோ?"

"ஓம்."

"எவ்வளவு?"

"இருபத்தொண்டு."

"பழசு எண்டால் மலிவாயெல்லோ இருக்கவேணும்?"

பிறகு ஒரு சிரிப்பு. வடிவாக இருக்கிறது என்று சொல்லி, பெற்ற பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல அவ்வளவு கவனமாகத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கவனத்தைப் பார்க்கத்தான் எனக்கு எரிச்சல்.

வாங்கிய இரண்டு பேரும் இருபது மார்க் தாளைத்தான் நீட்டினார்கள். ஒரு ஐயா மிச்ச ஒரு மார்க்கைத் தேடிச் சட்டை, காற்சட்டை, ஓவர்கோட்டு எல்லாப் பொக்கற்றையும் தடவினார். "பறவாயில்லை, விடுங்கோ" என்றேன். அண்ணை, இது கலியாண வீட்டில் நூற்றொன்று வைப்பது போலவா? பதினைந்து என்று போடுங்கோ. ஓடிவிடும்.

உங்கள் சுகத்துக்குச் செபிக்கும் தங்கை,
கொறற்றி.


ஆஹென்,
24.09.1995, ஞாயிறு.

அன்புத் தங்கைக்கு,

உன் 20-ந் திகதிக் கடிதம் 22-ந் திகதி காலை 10.15-க்குக் கிடைத்தது. முழங்கால் அப்படியே. எண்ணெய் பூசுகிறேன், அதற்கு இலக்கம் இல்லை. உன் அழுத்தம் குறைந்தது எனக்கு ஆறுதல்.

விலை குறைக்க இயலாது. பழைய தகரம் என்பதால் மலிவாக இருக்கவேண்டும் என்று சொன்னவர், அந்தத் தகரத்துக்கு நான் ஒரு சதமும் போடவில்லை என்பதை அறியமாட்டார். விலை முழுவதும் என் கைக்கு. அந்தக் கைக்கு மணித்தியாலத்துக்கு ஏழு மார்க் ஐம்பது என்று போட்டிருக்கிறேன். பிராங்பேர்ட்டில் கழிப்பறை கழுவுகிறவருக்கு இதைவிடக் கூடத் தருகிறார்கள் என்று நீயே ஒருமுறை சொன்னாய்.

இரண்டு விளக்குகளில் இரண்டு மார்க் விட்டுக்கொடுத்தாய். ஒரு மார்க் பெரிதல்ல. ஆனால் விற்பவளே "விடுங்கோ" என்றால், வாங்கியவர் தன் மனதில் விலை எழுதிக்கொள்வார். சில்லறை இல்லாதவர் போய்ச் சில்லறையோடு வரட்டும்.

வாங்கிய இருவரும் என்ன சொன்னார்கள் என்ற மூன்றாவது கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. வாங்காதவர்கள் சொன்னதை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

அவர்கள் விளக்கைக் கவனமாகத் திரும்ப வைத்தார்கள் என்ற வரியை நான் மூன்று முறை வாசித்தேன். இனி அப்படிப்பட்டவற்றை எழுதாமல் விடலாம்.

பிளோறன்ஸ் கேட்டாள்: "எத்தினை போச்சு மாமா?" "தொடங்கிவிட்டது" என்றேன்.

உன் நலம் நாடும்,
மரியரட்ணம்.


பிராங்பேர்ட்,
14.11.95

அன்புள்ள அண்ணைக்கு,

இவ்வளவு பிந்தி எழுதுவதற்குக் கோபிக்கவேண்டாம். ஒக்ரோபர் 30-க்குப் பிறகு வானொலியும் தொலைபேசியுமாகவே போய்விட்டது. யாழ்ப்பாணத்தையே விட்டு ஒரே இரவில் சனம் நடந்து போனது உங்களுக்கும் தெரியும். எங்கள் தெருவில் யார் யார் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுவேன்.

ஒக்ரோபர் 15-ந் திகதிச் சந்தையில் ஒன்று விற்றது. இலக்கம் 7.

நவம்பர் 5-ந் திகதிச் சந்தையில் பதினான்கு விற்றது. இலக்கங்கள் 1, 2, 4, 5, 6, 8, 9, 10, 11, 12, 16, 19, 20, 23. அன்று பூசையில் பங்குச் சுவாமி எங்கள் ஊரைப் பற்றிப் பேசினார். நல்ல சனம் வந்தது. எல்லாம் இருபத்தொரு மார்க்குக்குக் குறையாமல் போனது. பணம் உண்டியலில்.

இன்றைக்கு இவ்வளவும்தான். கை ஓடவில்லை. முழங்காலைப் பாருங்கோ.

கொறற்றி.


ஆஹென்,
19.11.1995, ஞாயிறு.

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் 17-ந் திகதி கிடைத்தது. ஒக்ரோபர் 30 பற்றி எழுத எனக்கும் கை வரவில்லை. ஆகவே எழுதாமல் விடுகிறேன். செபமாலையை மாலை ஏழு மணிக்குச் சொல்கிறோம். பிளோறன்சும் இப்போது சேர்ந்து சொல்கிறாள்.

பதினான்கு! கடிதத்தை அவளுக்கும் ஜோன்சனுக்கும் வாசித்துக் காட்டினேன். ஜோன்சன், "அப்பா, ஜெர்மன்காரருக்குப் பேணியில விசர் பிடிச்சிட்டுது" என்றான். பிளோறன்ஸ் மீனை வேறு தட்டுக்கு மாற்றி எனக்கு இடம் விட்டாள். இப்போது பதினேழு. நாற்பதுக்கு இன்னும் இருபத்துமூன்று. ஒக்ரோபர் முழுவதும் அடித்த இலக்கம் 25 முதல் 48 வரை இன்று விஜயரத்தினத்திடம் கொடுத்துவிட்டேன்.

மகிழ்ச்சியோடு சேர்த்து இரண்டு விடயம் கேட்கவேண்டியிருக்கிறது. செப்ரெம்பரில் ஆறு மணித்தியாலம் நின்று இரண்டு. நவம்பரில் பதினான்கு. எது மாறியது? விளக்கு மாறவில்லை, அதே பெட்டியிலிருந்த அதே விளக்குகள். அடுத்தது, "குறையாமல்" என்று எழுதியிருக்கிறாய். இருபத்தொன்று என்றால் இருபத்தொன்று. குறையாமல் என்பதற்கு அங்கே என்ன வேலை?

மூன்றாவது கேள்விக்கு இம்முறையும் பதில் இல்லை. பதினான்கு பேரில் ஒருவராவது ஏதாவது சொல்லியிருப்பார். துளைகள் நெருக்கம் என்றாவது, பிடி சிறிது என்றாவது சொல்லியிருப்பார். அதை எழுது.

அன்புடன்,
மரியரட்ணம்.


பிராங்பேர்ட்,
12.12.95

அன்புள்ள அண்ணைக்கு,

டிசெம்பர் 2, 3, 9, 10 ஆகிய நான்கு நாளும் நத்தார்ச் சந்தை. இருபத்துநான்கு போனது. எல்லாமாக நாற்பத்தொன்று. இலக்கங்களைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன சொல்லை நிறைவேற்றிவிட்டீர்கள். மிச்சம் ஏழையும் விஜயரத்தினத்திடம் கொடுத்து விடுவேன்.

வாங்கினவர்கள் நல்ல சனம், அண்ணை. வேறென்ன எழுதுவது?

சந்தோசமாக நத்தார் கொண்டாடுங்கோ.

கொறற்றி.


ஆஹென்,
29.12.1995, வெள்ளி.

தங்கை கொறற்றிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாயிருப்பாய் என எண்ணுகிறேன்.

டிசெம்பர் 24-ந் திகதி இரவுச் சாப்பாட்டின்போது நான் எழுந்து நின்று நாற்பத்தொன்று என்று அறிவித்தேன். பிளோறன்ஸ் கைதட்டினாள். பிரீசரின் நடுத்தட்டு இனி உங்களுக்குத்தான் மாமா என்றாள். எழுபத்திரண்டு வயதில் ஒருவனுக்கு ஒரு தட்டுக் கிடைத்த மகிழ்ச்சியை நான் மூன்று நாள் அனுபவித்தேன்.

27-ந் திகதி, புதன், காலை 11 மணிக்கு விஜயரத்தினம் மிச்ச விளக்குகளைக் கொண்டுவந்தான். ஏழு விளக்குக்கு ஏன் இரண்டு பெட்டி என்று கேட்டேன். "எனக்கெங்க தெரியும் அண்ணை? மண்டபக்காரி அலுமாரியில கிடந்த எல்லாத்தையும் ஏத்திவிட்டவ" என்றான். திறந்து எண்ணினேன். இருபது இருந்தன.

நாற்பத்தெட்டு அனுப்பினேன். நாற்பத்தொன்று விற்றது. மிச்சம் ஏழு. என் மேசையில் இருபது.

இலக்கம் 9, நவம்பர் 5-ந் திகதி விற்றதாக உன் கையெழுத்தில் இருக்கிறது. இலக்கம் 9 இப்போது என் இடது கைப்பக்கம் இருக்கிறது. 16 இருக்கிறது. 20 இருக்கிறது. ஒன்றிலும் திரி எரிந்த கறுப்பு இல்லை. சுற்றிய தாளே கலையவில்லை.

விற்காததை விற்றதாக எழுதினாயா? நான் கேட்பதெல்லாம் இதுதான். இதற்கு மட்டும் பதில் எழுது.

மரியரட்ணம்.


பிராங்பேர்ட்,
09.01.96

அன்புள்ள அண்ணைக்கு,

புது வருடத்தில் இப்படி ஒரு கடிதம் எழுதவேண்டி வந்ததே என்று பத்து நாளாகப் பேனையைத் தூக்கித் தூக்கி வைத்தேன். அழுத்தம் 160. அதையும் மறைக்கவில்லை.

நான் பொய் எழுதவில்லை. நாற்பத்தொன்றுக்கும் பணம் வந்தது. பதின்மூன்று பேர் பணத்தைத் தந்துவிட்டு விளக்கை எடுக்காமல் போனார்கள்.

நவம்பர் 5-ந் திகதி சுவாமி பிரசங்கத்தில் எங்கள் சனம் நடந்துபோனதைச் சொன்னார். பூசை முடிந்து எல்லாரும் நேரே என் மேசைக்கு வந்தார்கள். பங்கிலுள்ள ஒரு பெண்மணி, "இடம்பெயர்ந்த தமிழருக்காக" என்று ஒரு மட்டையில் எழுதி விளக்குகளுக்கு முன்னால் வைத்தா. நான் வைக்கவில்லை, ஆனால் எடுக்கவும் இல்லை, நத்தார்ச் சந்தையிலும் அது அங்கேதான் இருந்தது. உண்டியல் பணத்தை அங்கேதான் அனுப்புவதென்று சுவாமியும் சொல்லிவிட்டார். ஆட்கள் முப்பது தந்தார்கள், ஐம்பது தந்தார்கள். ஒருத்தரும் விலை கேட்கவில்லை. ஒரு ஐயாவிடம் விளக்கைச் சுற்றி நீட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் அம்மா, நீங்களே வைச்சிருங்கோ, இன்னொருவருக்கு வில்லுங்கோ" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் நான் என்ன செய்ய? "இல்லை ஐயா, இதைக் கட்டாயம் கொண்டுபோங்கோ, என்ர அண்ணை கோபிப்பார்" என்று சொல்வதா? அந்த ஐயா விட்டுப்போனதுதான் இலக்கம் 9.

பணம் வந்தால் விற்றதுதானே என்று எழுதினேன். உங்களுக்கு நாற்பது வேணும். எனக்கும் அது வேணும் என்று இருந்தது. பதின்மூன்றையும் மண்டப அலுமாரியில் ஒளித்துவைத்தது மட்டும் என் பிழை.

ஆனால் அண்ணை, நீங்களே பணம் உண்டியலுக்கு என்றீர்கள். அந்தப் பணம் எங்கள் ஊர்ச் சனத்துக்குத்தான் போனது. இதில் யாருக்கு என்ன நட்டம்?

உங்கள் தங்கை,
கொறற்றி.


ஆஹென்,
14.01.1996, ஞாயிறு.

தங்கை கொறற்றிக்கு,

160 என்பது கவலைக்குரியது. உப்பைக் குறை. மருத்துவரிடம் போன திகதியை எழுது.

யாருக்கும் பண நட்டம் இல்லை. அந்தச் சனத்துக்கு அந்தப் பணம் கிடைத்ததற்கு நான் முழங்காலில் நின்று நன்றி சொல்வேன், முழங்கால் விட்டால். ஆனால் அந்த ஐயா இரங்கியது எங்கள் சனத்துக்கு. அவருக்கும் எங்கள் சனத்துக்கும் நடுவில் என் விளக்கு ஒரு இடைஞ்சலாக இருந்திருக்கிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டுத் தர்மம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். செப்ரெம்பரில் பழப்பாகுக்குப் போனவர்களாவது அடியைத் திருப்பிப் பார்த்தார்கள்.

உன் கடிதம் கிடைத்த 12-ந் திகதி இரவு மேசையில் என் அறிவித்தலைத் திருத்தினேன். அந்நியர் வீடுகளுக்குப் போனவை இருபத்தெட்டு, நாற்பதல்ல. "மாமா, காசு வந்ததுதானே? பிறகென்ன?" என்றாள் பிளோறன்ஸ். நடுத்தட்டு கிடக்கட்டும் என்று மன்றாடினாள். நான் பேணிகளை வெளியே எடுத்து, பனி உருகும்வரை காத்திருந்து, மஞ்சள் பையில் போட்டேன். நிலவறை மேசையை மடித்துச் சுவரோடு சாய்த்துவிட்டேன். சொன்ன சொல் அது.

இனி விளக்கு செய்வதில்லை. ஆனால் பதின்மூன்று விளக்குகள் என்னிடம் இருக்கின்றன, அவை என்னுடையவை அல்ல. விலை செலுத்தப்பட்டவை. அவற்றை வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. இன்னொருவருக்கு விற்க உனக்கும் உரிமையில்லை. உரியவர்கள் வந்து எடுத்துச் செல்லவேண்டும். பெப்ரவரி 4-ந் திகதி, ஞாயிறு, மெழுகுதிரி மந்திரிக்கும் பூசைக்கு உங்கள் பங்கில் எல்லாரும் வருவார்கள். விளக்கு விட்டுப்போனவர்கள் கோயில் வாசலில் வந்து பெற்றுக்கொள்ளவேண்டும் என்று முன்கூட்டி அறிவித்தல் போடச் சொல்.

நானே வந்து நிற்பேன்.

மரியரட்ணம்.


ஆஹென்,
07.02.1996, புதன்.

அன்புத் தங்கைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் வீட்டுச் சாப்பாட்டில் உப்புக் குறையவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ மண்டபத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபடியால் வாசலில் நடந்ததைப் பார்க்கவில்லை. நான் அதைப் பற்றிப் பேசாமல் ரயிலேறியதற்கு வருந்துகிறாய் என்று ஜோன்சன் சொன்னான். ஆகவே எழுதுகிறேன்.

10.40-க்குப் பூசை முடிந்தது. மேசையில் பதின்மூன்றையும் இலக்க வரிசையில் வைத்திருந்தேன். முதலில் வந்தது இலக்கம் 9-இன் ஐயா. கையைக் குலுக்கினார். நானே அந்த இரவில் ஊரைவிட்டு நடந்து வந்தவன் போல என் தோளைத் தடவினார். நான் விளக்கை நீட்டினேன். என் ஜெர்மன் உனக்குத் தெரியும். "நீங்கள் வாங்கினது" என்றேன்.

"இல்லை இல்லை, அது உதவிக்குத் தந்தது."

"உதவி போய்ச் சேர்ந்துவிட்டது. விளக்கு போகவில்லை."

"எங்கட வீட்டில விளக்கு நிறைய இருக்குது."

"அப்படியெண்டால் இன்னொண்டும் இருக்கட்டும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனார். பனியில் என் விளக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல.

இப்படி ஒன்பது பேர் வந்தார்கள். உயரமான ஒரு பெண்மணி, நீ ஐம்பது மார்க் தந்தவ என்று சொன்ன திருமதி பொல்மன், எனக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றா. இது எனக்கு வேண்டாம், ஏன் வற்புறுத்துகிறீர்கள் என்றா. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் நின்றா. கடைசியில் இலக்கம் 33-ஐ எடுத்துத் தோற்பைக்குள் தள்ளிவிட்டுப் போனா.

மிச்சம் நான்குக்கும் உரியவர்கள் வரவில்லை. "விலை செலுத்தப்பட்டது" என்று எழுதி மண்டப அலுமாரியில் வைத்திருக்கிறேன். யாரும் ஏற்றி அனுப்பவேண்டாம்.

நான் எண்ணியது நடக்கவில்லை, கொறற்றி. கையில் கொடுத்தால் பொருளாகிவிடும் என்று நினைத்தேன். ஒன்பது பேரும் எனக்காகத்தான் எடுத்துப் போனார்கள். நாற்பத்தெட்டு விளக்கு அடித்தேன். ஒருவர்கூட அதில் நல்லது கெட்டது சொல்லவில்லை.

அன்புடன்,
மரியரட்ணம்.


பிராங்பேர்ட்,
20.02.96

அன்புள்ள அண்ணைக்கு,

13-ந் திகதி மருத்துவரிடம் போனேன். குளிசை மாற்றியிருக்கிறார். அழுத்தம் 140.

இதை எழுதலாமா விடலாமா என்று யோசித்தேன். உங்களுக்கு இனிமேல் ஒன்றையும் மறைப்பதில்லை என்று முடிவெடுத்ததால் எழுதுகிறேன். நேற்று முன்தினம் பூசை முடிந்ததும் திருமதி பொல்மன் என்னைப் பிடித்துக்கொண்டா. கையில் இலக்கம் 33. முகம் சிவந்திருந்தது.

"உங்கட அண்ணை இதை என்ர தலையில கட்டிவிட்டவர்" என்றா. நல்ல நினைப்பில் யன்னலில் வைத்து ஏற்றினாவாம். கீழ் வரிசைத் துளை சுடருக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். காற்று அடித்துத் திரி ஒரு பக்கம் சாய்ந்து, வெள்ளைத் திரைச்சீலையில் புகை பிடித்துவிட்டதாம். தூக்கப் போனால் கம்பிப் பிடி சூடாகி விரலைச் சுட்டுவிட்டதாம். விரலைக் காட்டினா. சிவப்பாகத்தான் இருந்தது. "ஆர் இப்பிடி விளக்குச் செய்யிறது? ஏத்திப் பார்க்கிறதில்லையோ?" என்று கோயில் வாசலில் எல்லாரும் கேட்கச் சத்தம் போட்டா.

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. நூறு முறை மன்னிப்புக் கேட்டேன். அவர் வயதானவர், கோபிக்கவேண்டாம் என்றேன். ஐம்பது மார்க்கையும் என் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அதற்கு இன்னும் கோபம் வந்துவிட்டது.

"காசு எனக்கு வேண்டாம். துளைக்குள்ளால வெளிச்சம் சுவரில விழேக்கை வடிவாத்தான் இருக்குது. ஒழுங்கா எரியிற விளக்கு எனக்கு வேணும்" என்றா.

விளக்கை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டா. மார்ச் 3-ந் திகதி திரும்ப வருவாவாம். என்ன சொல்வது என்று எழுதுங்கோ. மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கொறற்றி.


ஆஹென்,
23.02.1996, வெள்ளி, காலை 6 மணி.

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று 10.20-க்குக் கிடைத்தது. முழங்கால் நோவதாகத் தெரியவில்லை. 140 நல்லது.

திருமதி பொல்மன் சொன்ன இரண்டு குறையும் உண்மையானவை. இலக்கம் 33-ஐ நான் ஒக்ரோபர் 11-ந் திகதி, புதன்கிழமை அடித்தேன். அன்று பிளோறன்ஸ் சாப்பிடக் கூப்பிட்டாள். போய் வந்தபோது உள்ளே பனி இளகியிருந்தது. இன்னொரு நாள் உறைய வைத்திருக்கவேண்டும். வைக்கவில்லை. கீழ் வரிசை ஒரு சென்ரிமீற்றர் இறங்கியது எனக்கு அன்றே தெரியும். நாற்பது என்ற கணக்குக்காக அதற்கும் இலக்கம் பொறித்து, நல்லவற்றோடு சேர்த்து, முழு விலைக்கு அனுப்பினேன். இதை உனக்கு எழுதவில்லை. பதின்மூன்றை நீ அலுமாரியில் வைத்ததற்கு நான் எழுதிய டிசெம்பர் 29-ந் திகதிக் கடிதத்தைக் கிழித்துவிடு.

பிடி சுடுவது 33-இல் மட்டுமல்ல. நாற்பத்தெட்டிலும் சுடும். நான் ஒன்றையும் அரை மணித்தியாலத்துக்கு மேல் எரியவிட்டுப் பார்த்ததில்லை. நேற்றிரவு மிச்சத்தில் ஒன்றை எடுத்து மூன்று மணித்தியாலம் எரித்தேன். நாற்பது நிமிடத்தில் தொட இயலாது. கம்பியை இரண்டு அங்குலம் நீட்டி, மரக்கட்டை ஒன்று கோக்கவேண்டும். திரி இருக்கும் இடத்தை ஒரு வளையம் வைத்து உயர்த்தவேண்டும். இரண்டுக்கும் தேவையானதை வெட்டிவிட்டேன்.

மடித்த மேசையை நான் விரிப்பதைப் பார்த்துவிட்டுப் பிளோறன்ஸ் படியில் நின்று கேட்டாள்: "என்ன மாமா, விட்டிட்டன் எண்டனீங்கள்?"

"இது புது வேலையில்லை, பிள்ளை. முறைப்பாடு வந்திருக்குது" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "ஐயோ, அந்த மனிசி இப்பிடியே பேசினவ?" என்றாள். அந்த இடத்தை இன்னொருமுறை வாசித்தேன்.

மார்ச் 2-ந் திகதி, சனி, 9.20 ரயிலில் குறடு, சுத்தியலோடு வருகிறேன். விளக்கை உன் வீட்டில் வைத்துத் திருத்துவேன். 3-ந் திகதி பூசைக்குப் பின் திருமதி பொல்மன் முன்னிலையில் அதை ஏற்றி, அவ போதும் என்று சொல்லும்வரை எரியவிடுவேன். அவவின் திரைச்சீலையை வெளுக்க என்ன செல்லும் என்று கேட்டு வை. நான் வயதானவன் என்று இனி யாரிடமும் சொல்லாதே.

நீ கேட்ட நூறு மன்னிப்பையும் திரும்ப எடுத்துக்கொள். அது நான் கேட்கவேண்டியது.

மரியரட்ணம்.